நல்ல விஷமம்

என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினாருக்கு மலையாளம் தெரியும். இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்லுவார். திருநெல்வேலியை விட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம், சாலைக் கடைத்தெருவில் புழங்குகிறவனுக்கு யாரும் மலையாளம் படித்துக் கொடுக்க வேண்டாமாம். அவர் புழங்குகிற சாலை எது என்று எனக்கல்லவா தெரியும்? பருப்பு மொத்தக் கடை. முதலாளி கோவில்பட்டிக்காரர். மூட்டை தூக்குகிறவர்கள் தென்காசி. சரக்கு விருதுநகரிலிருந்து லாரியில் வரும். காலையில் போய்க் குடோன் சாவியை வாங்கினால் சாயங்காலம் வரை அவர் காதில் விழுவது முழுக்கத் தமிழ்தான்.

நான் ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "கொறச்சு வெள்ளம் வேணமாயிருந்து" என்று குடிக்கத் தண்ணீர் கேட்டாள். இவர் எந்த ஆற்றில் வெள்ளம் என்று விசாரிக்கத் தெருவுக்கு ஓடினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். மொழி தெரியாததில் என்ன குற்றம்? தெரியாததைத் தெரியும் என்று சாதிப்பாரே, அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்கு ஒரே மகன், கிரீஷ். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஓணத்தின்போது அவன் நாலாம் வகுப்பு. அதே தெருக்கோடியில் என் அக்கா வீடு. அத்தான் தாணு மஸ்கட்டில் வேலை பார்த்தார். அவர்கள் மகள் ஸ்ரீலட்சுமி கிரீஷைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்று தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள், 'சேச்சி' என்று கூப்பிட வேண்டும். அந்த ஓணத்துக்கு அத்தான் லீவில் வந்தபோது அவளுக்கு ஒரு கேம் பாய் கொண்டுவந்தார். ஊதா நிறக் கண்ணாடி போன்ற உடம்பு, உள்ளே இருக்கும் தகடும் கம்பியும் வெளியே தெரியும். திரை கலர். முதுகில் சின்னக் கேசட்டைச் செருகினால் ஒரு பையன் காட்டுக்குள்ளும் கோட்டைக்குள்ளும் குதித்துக் குதித்துப் போவான். பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

ஸ்ரீலட்சுமியும் கிரீஷும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் மணக்காட்டில் லீலாபாய் டீச்சர் வீட்டுக்குச் சாயங்கால டியூஷன் போவார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காப்பி குடித்து முடிக்கிற வரை பிள்ளைகள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கும். மேல்படியில் ஸ்ரீலட்சுமி, கையில் கேம் பாய். சுற்றிலும் மற்றவர்கள். ஒருவர் தோற்றால் அடுத்தவருக்குச் சான்ஸ். இன்னொரு பையனுக்கும் அவனுடைய மாமா துபாயிலிருந்து ஒன்று அனுப்பியிருந்தார், பழையது, கலர் இல்லாதது. ஆனாலும் கேம் பாய் கேம் பாய்தானே, அவனுக்கும் மேல்படியில் இடம்.

கிரீஷ் கீழே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பான்.

"சேச்சி, எனக்கொரு சான்ஸ் தாயேன்."

"நீ சொந்தமா ஒண்ணு கொண்டுவா. மாத்தி மாத்திக் களிக்கலாம். சும்மா கையேந்திட்டு நிக்கப்பிடாது. படியிலே கேம் உள்ளவங்களுக்கு மாத்ரம்தான் ஸ்தலம்."

இதுதான் சட்டம். பத்து வயசுப் பெண் போட்ட சட்டம். என் மகனுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் படியில் ஒரு இடம். வேறு எதையும் அவன் அந்த வருஷம் கேட்கவில்லை.

அவன் அப்பாவிடம் போய் நின்றான். "அப்பா, எனக்கும் ஒரு கேம் பாய் வேணும்ப்பா."

அவர் இல்லையென்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்க அவருக்கு மனசு உண்டு. ஆனால் எதையும் எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். அக்கா வீட்டுக்குப் போய் அந்தக் கேம் பாயை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதுல எத்தனை விளாட்டு இருக்கு அண்ணாச்சி?" என்று தாணு அத்தானிடம் கேட்டார்.

"ஒரு கேசட்ல ஒரு கேம், நயினாரே. வேற வேணும்னா வேற கேசட் வாங்கிப் போடணும்."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணாம்! கடல் தாண்டிப் போய் வாங்கிட்டு வந்தது ஒத்த விளாட்டு. நல்லா ஏமாத்தியிருக்கான் அந்தூர்க்காரன்."

மறுநாள் சாலையில் ஒரு பேன்சி கடையில் அவர் கண்ணில் பட்டது பிரிக் கேம். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் அதுதானே கிடந்தது. சாம்பல் நிறத் திரை, அதில் கருப்புக் கட்டைகள் மேலிருந்து விழும், அடுக்க வேண்டும். ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ஒன்றுக்குள் 9999 விளையாட்டுகள். மனுஷருக்கு மலைப்பு வந்துவிட்டது. ஒரு பக்கம் ஒன்று, இன்னொரு பக்கம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இதற்கு மேல் ஒப்பிட என்ன இருக்கிறது? மூட்டையைப் பார்த்தே எத்தனை படி என்று சொல்கிறவருக்குப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதெல்லாம் உள்ளே இருக்காது என்று தோன்றவே இல்லை.

கிரீஷ் அன்றைக்கு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்கினான். அவன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. அப்பா சொன்னதை அவன் அப்படியே நம்பினான்.

இவர் அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணாச்சி, உங்களது ஒண்ணு. எங்களது பத்தாயிரத்துக்கு ஒண்ணு கம்மி. எது பெருசு, நீங்களே சொல்லுங்க."

தாணு அத்தான் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "நயினார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அக்கா புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்து இருமினாள். அவளைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், இருமலுக்கு அவள் தலைப்பை எடுக்கிறவள் இல்லை. எனக்குக் காது மடல் சுட்டது.

ஸ்ரீலட்சுமி குனிந்து பார்த்தாள். "கலர் இல்லியா சித்தப்பா?"

"கலர் கண்ணுக்குக் கெடுதில்லா. உங்க டாக்டரக் கேட்டுப் பாரு."

"பாட்டு?"

"பீப்பு பீப்புன்னு நல்லாக் கேக்கும்."

கிரீஷ் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் சொல்லுகிற ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்துகொள்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் பின்வாசல் படியில் அதையெல்லாம் ஒப்பிக்கத்தான்.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது கிரீஷ் அல்ல, ஸ்ரீலட்சுமி. பின்னால் ஒரு நாள், என்னவோ பெரிய தமாஷ் போல, சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை.

கிரீஷ் நேராகப் படியில் ஏறப் போயிருக்கிறான். இவள் காலை நீட்டி மறித்தாள்.

"நில்லு. டெஸ்ட் பண்ணணும். எத்தனை கேம் உண்டு?"

கிரீஷ் எண்ணைச் சொன்னான். ஒரு பிள்ளை கையைத் தட்டியது.

"அப்போ அதிலே கடைசி கேமைக் காட்டு. ஒம்பதினாயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஒம்பதாமத்தது."

கிரீஷ் பொத்தானை அழுத்தினான். கட்டை விழுந்தது. அழுத்தினான், கார் ஓடியது. அழுத்தினான், பாம்பு நெளிந்தது. அப்புறம் மறுபடி கட்டை, கொஞ்சம் வேகமாக. மறுபடி கார், கொஞ்சம் வேகமாக. எண் ஏறி ஏறிப் போய்த் திரும்ப ஒன்றிலேயே வந்து நின்றது. மறுபடி அழுத்தினான். மறுபடி ஒன்று.

"எவிடப் போச்சு பாக்கி?" என்றாள் ஸ்ரீலட்சுமி. "உங்க அப்பாவை கடைக்காரன் நல்லாப் பறஞ்ஞு பற்றிச்சு."

நன்றாகப் பேசி ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. என் மகன் அழவில்லையாம். "எங்க அப்பாவை ஆரும் பற்றிக்க முடியாது" என்றானாம். "எல்லாம் உள்ளதான் இருக்கு. எனக்குத்தான் எடுக்க அறியல."

"சரி, எடுத்துட்டு ஏறி வா. அதுவரைக்கும் அவிட நின்னோ."

அன்றிலிருந்து தினமும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது அவன் வேலை. மேலேயிருந்து, "கட்டை, எத்திரயாச்சு?" என்று குரல் வரும். பிரிக் கேமில் விழுகிற கட்டை, அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அவன் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லுவான். மேலே சிரிப்பார்கள். டீச்சர் காப்பி டம்ளரைக் கழுவ வருகிற வரை இது நடக்கும்.

வீட்டிலோ வேறு கதை. இவர் வேலை முடிந்து வந்ததும், "என்னல, இன்னைக்கு எந்த விளாட்டு வந்துச்சு?" என்பார். கிரீஷ் சொல்லுவான். ஒரு நாள் யானை ஆற்றைத் தாண்டுகிற விளையாட்டு. ஒரு நாள் படகுப் பந்தயம். ஒரு நாள் ராக்கெட். அந்தச் சாம்பல் திரையில் யானை எங்கே இருக்கிறது, படகு எங்கே இருக்கிறது? எல்லாம் அவனே நினைத்துச் சொன்னது. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று வேண்டுமே என்று டியூஷனிலிருந்து வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பான். இவர் அதைக் கேட்டுவிட்டு மறுநாள் குடோனில் தென்காசி ஆட்களிடம், யானை விளையாட்டுக்கூட அதில் உண்டு என்று தம்பட்டம் அடிப்பார்.

அப்பா ஏமாந்துவிட்டார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அது அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அவன் நினைத்தான். அவ்வளவையும் ஒன்பது வயசில் தனியாகச் சுமந்தான். சோறு பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பினான். என்னடா என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, வயறு நிறைஞ்சு போச்சு" என்பான். பரீட்சைப் பயம் என்று நான் ஓமம் கரைத்துக் கொடுத்தேன்.

லீலாபாய் டீச்சர் கவனித்திருக்கிறாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரி. குரல்தான் பெரிசு, மனசு இளகினது. அடுக்களை ஜன்னல் வழியாக ஓரிரண்டு நாள் பார்த்து, விஷயத்தைப் பாதி புரிந்துகொண்டு, வீட்டில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். உளுந்து வாங்கச் சாலைக்குப் போன இடத்தில் இவரைக் கண்டதும், பிள்ளையின் அப்பாவிடமே சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது. அதுவும் பாவம், தமிழரிடம் தமிழில் பேசுவதுதான் மரியாதை என்று நினைத்துத் தமிழில் ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் என்னிடம் திருப்பிச் சொன்னவர் இவரேதான், தன் பக்கம் நியாயம் என்று காட்டுவதற்காக.

"கிரீஷோட அப்பா தானே? எனக்கு தமிழ் அறியும். ஒரு காரியம் சொல்லணும். கிரீஷுக்கு இப்போ நல்ல விஷமம். முன்னே இப்படி இல்லை. அந்த கேம் வந்த பிறகுதான். எப்போ பார்த்தாலும் விஷமம். நீங்க அவனிட்ட நல்லோணம் ஒண்ணு பேசணும்."

மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். கிரீஷ் ரொம்ப வருத்தமாக இருக்கிறான், நல்லபடியாகப் பேசித் தேற்றுங்கள் என்று சொல்லுகிறாள். நம் வீடுகளில் விஷமம் என்றால் சேட்டை. தமிழில் விஷமம் செய்கிற பிள்ளைக்கு முதுகில் இரண்டு வைப்போம், மலையாளத்தில் விஷமம் உள்ள பிள்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வோம். அவள் முழு மலையாளத்தில் பேசியிருந்தால் இவருக்குப் பாதி விளங்கியிருக்காது, வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டிருப்பார். தமிழில் சொன்னதால் எல்லாம் விளங்கிவிட்டது.

"நான் பாத்துக்கிடுதேன் டீச்சர். இன்னையோட சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் நிம்மதியாக உளுந்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தென்காசி ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, மவன் டியூசன்ல ஒரே சேட்டையாமே" என்றானாம். அது போதுமே இவருக்கு. வேலை நேரத்தில் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. கிரீஷ் வீட்டில்தான் இருந்தான். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வாசல் கேட் சத்தம் கேட்டது, அப்புறம் அறைக் கதவு தாழ்ப்பாள் போடுகிற சத்தம். இந்த நேரத்தில் இவர் எதற்கு வந்தார் என்று யோசிப்பதற்குள் பெல்ட் சத்தம். வேட்டிக்கு மேல் கட்டுவாரே, பர்ஸ் வைத்துத் தைத்த அகலமான பச்சை பெல்ட், அது.

ஈரக் கையோடு ஓடினேன். கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"டீச்சர் கடைக்கே வந்து சொல்லிட்டுப் போறா. மூட தூக்குதவன்லாம் பல்லக் காட்டுதான். சொல்லுல, என்ன விஷமம் உனக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

"விஷமமே இல்லையா? அப்ப டீச்சர் பொய் சொல்லுதாளா?"

பெல்ட்.

"உண்டுப்பா. உண்டு. எனக்கு விஷமம் உண்டு."

அந்த வார்த்தை என் காதில் மலையாளமாகத்தான் விழுந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் படித்த வார்த்தை, தெருவில் பேசுகிற வார்த்தை. எனக்கு வருத்தமாக இருக்கிறது அப்பா என்று என் பிள்ளை சொல்கிறான். முதல் தடவையாகச் சொல்கிறான். எனக்குக்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்கிறான்.

"ஒத்துக்கிடுதியா? எதுக்குல விஷமம்?"

எதற்கு என்று சொன்னால் அப்பா ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை.

பெல்ட்.

"தன்னால வருதுப்பா. நிறுத்தணும்னுதான் பாக்குறேன். நிக்க மாட்டேங்குது."

"தன்னால வருதா? திமிரப் பாரு! தன்னால வருதாம்ல!"

நான் கதவைக் கையாலும் தலையாலும் முட்டினேன். "ஏங்க, அது மலையாள விஷமம்ங்க! புள்ள சங்கடத்துல இருக்கான்னு டீச்சர் சொல்லியிருக்கா! சேட்டை இல்லீங்க, சங்கடம்! கதவத் தொறங்க!"

"வக்காலத்து வாங்காத! எனக்கு மலையாளம் படிச்சுக் குடுக்க வந்துட்டா!" அவர் குரல் கதவுக்கு மேல் ஓங்கி வந்தது. "அவ தமிழ்ல சொன்னாட்டீ! சுத்தத் தமிழ்ல சொன்னா!"

இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது? இந்தப் பக்கம் நான் அர்த்தம் சொல்கிறேன், அந்தப் பக்கம் அடி விழுகிறது. நான் கத்தக் கத்த அவருக்கு வீம்பு ஏறியது. பிள்ளையை அடித்ததுபோக என் வாயை அடைப்பதற்கும் சேர்த்து அடித்தார்.

அதற்குப் பிறகு ஏதோ தரையில் மோதியது. பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம். "இது வந்த பிறவுதான்னு டீச்சர் சொன்னா. இது இருந்தாத்தான உனக்கு விஷமம்!"

அதுவரை முனகிக்கொண்டிருந்த கிரீஷ் அப்போதுதான் வாய்விட்டு அலறினான். "உடைக்காதீங்கப்பா! எல்லாம் உள்ளதான் இருக்கு! நான் எடுத்துருவேன்ப்பா! உடைக்காதீங்க!"

கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார். மூச்சு வாங்கியது. நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கிரீஷ் அறை மூலையில் உட்கார்ந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தான். முதுகில் பெல்ட் விழுந்த இடமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். அழுதது நான்தான்.

பிறகு வெளியே வந்து இவரிடம் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். விஷமம் என்றால் மலையாளத்தில் என்ன என்று சொன்னேன். நம்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, "விஷமம் எந்நு பறஞ்ஞால் எந்தா சேச்சி?" என்று அவர் முன்னாலேயே கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "சங்கடம் தன்னே. எந்து பற்றி, பிச்சம்மாளே?" என்று கேட்டாள். அதாவது, துக்கம்தான், என்ன ஆயிற்று உனக்கு என்று.

இப்போதாவது உள்ளே போய்ப் பிள்ளையைத் தொடுவார் என்று பார்த்தேன். எழுந்து போகத்தான் செய்தார். போய் நின்று, அவன் மடியில் இருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். உள்ளே இருந்த பச்சைத் தகடு. அதன் நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பாக ஒரு பொட்டு, வேறு ஒன்றுமில்லை.

"இம்புட்டுதானா உள்ள?" என்றார்.

கிரீஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏமாத்திட்டான் கடைக்காரன்" என்றார். தகட்டைத் திரும்ப அவன் மடியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தார். வரும்போது என்னிடம், "அந்த டீச்சருக்குத் தமிழ் வரலேன்னா எதுக்குப் பேசுதா? வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியல" என்றார். பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை டியூஷனுக்கு நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சொல்லுவான் என்று நினைத்தேன், சொல்லவில்லை. தலையை வாரி, சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்தான். டீச்சரிடம் கேட்க எனக்கு நிறைய இருந்தது. சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிக்கொண்டே நடந்தேன்.

பின்வாசல் படியில் எல்லாரும் இருந்தார்கள். ஸ்ரீலட்சுமி கேம் பாயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கட்டை, இன்னைக்கு எத்திரயாச்சு?"

"தீந்நு போச்சு" என்றான் கிரீஷ். "முழுக்கக் களிச்சுத் தீத்தாச்சு."

அவள் சிரித்தாள். அவன் படியில் ஏறப் பார்க்கவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் போய் நின்றான். கையில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் கைகள் இரண்டும் சும்மா தொங்கின.

லீலாபாய் டீச்சர் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. நேராகக் கிரீஷிடம் போய் அவன் தாடையைத் தூக்கிப் பிடித்தாள்.

"எந்தா மோனே, இப்பழும் விஷமம் உண்டோ?"

அந்த வார்த்தை விழுந்ததும் அவன் தோள் ஒரு தடவை உள்ளே ஒடுங்கியது. நான் பார்த்தேன். டீச்சர் பார்க்கவில்லை.

"இல்ல டீச்சர்" என்றான். "இனி விஷமிக்கில்ல."

இனி வருத்தப்பட மாட்டேன் என்கிறான். அதைச் சேட்டை செய்கிற பிள்ளை மன்னிப்புக் கேட்பது போல, கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"மிடுக்கன்!" சமர்த்து என்று டீச்சர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பி, தன்னுடைய தமிழில், சந்தோஷமாக, "கண்டோ அம்மா? நான் சொன்ன உடனே அப்பா வீட்டிலே போய் நல்லோணம் பேசியிருக்கு. எல்லா அப்பாக்களும் இப்படி இருக்கணும்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. பேச்சே வேண்டாம், நல்லோணம் பேசியதை உன் கண்ணாலேயே பார் என்று காட்டிவிடுவதற்காக அவன் சட்டையைப் பின்னாலிருந்து தூக்கப் போனேன்.

கிரீஷ் சட்டென்று விலகிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டான். சட்டையை இரண்டு கையாலும் கீழே இழுத்து, கால்சட்டைக்குள் திணித்து, அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம்மா" என்றான். "எல்லாரும் அப்பாவைப் பாத்துச் சிரிப்பாங்க."